ஒரே அடுப்பு, ஒருவருக்கு 11,600, இன்னொருவருக்கு 3,300: வெள்ளை அணுவுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன கணக்கு?

மணிக்கூண்டு_வாசி கேட்டது:

வணக்கம். ஒரே வீட்டில் இரண்டு ரிப்போர்ட். தண்டையார்பேட்டையில் ஒரே லேபில், ஒரே நாள் காலையில் எடுத்தவை.

ஒன்று: ஆண், வயது 44, உயரம் 168 செ.மீ., எடை 92 கிலோ, இடுப்பளவு 108 செ.மீ. டோட்டல் கவுண்ட் (மொத்த வெள்ளை அணு) 11,600. அதில் வகைவாரியாகச் சதவீதம்: நியூட்ரோபில் 68, லிம்போசைட் 24, மோனோசைட் 5, ஈசினோபில் 3. ஹீமோகுளோபின் 14.8. மூன்று மாதச் சர்க்கரை 6.2. காய்ச்சல், சளி எதுவும் இல்லை. சிகரெட் நாளைக்கு ஆறேழு. பூரி, வடகறி சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தது. லேப் இரண்டாவது மாடி.

இரண்டு: பெண், வயது 20, உயரம் 158 செ.மீ., எடை 39 கிலோ. டோட்டல் கவுண்ட் 3,300. நியூட்ரோபில் 38, லிம்போசைட் 54, மோனோசைட் 6, ஈசினோபில் 2. ஹீமோகுளோபின் 10.1, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 101, தட்டணு 1,60,000. ஒரு வருஷமாகக் கறி, மீன், முட்டை, பால் எல்லாம் நிறுத்தியாச்சு. மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி பழம், அவ்வளவுதான். முடி கொட்டுது என்று ஜிங்க் மாத்திரை எட்டு மாசமா ஓடுது.

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம். பொண்ணுக்கு ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்), பப்பாளி இலைச் சாறு. ஆணுக்கு "கவுண்ட் அதிகம்னா எதிர்ப்பு சக்தி சூப்பர்" என்று பாராட்டு. எதைச் சாப்பிட்டால் ஏறும், எதைச் சாப்பிட்டால் இறங்கும்? அடுத்து என்ன டெஸ்ட் எடுக்கணும்?

குழாய்_ஊதா:

சோத்துக்குப் போறதுக்கு முன்னாடி, அந்த எண்ணை நம்பலாமா என்று பார்த்துடுவோம்.

ஊதா மூடிக் குழாயில் கோடு வரைக்கும் ரத்தம் விட்டதும், மெதுவா எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்தணும். குலுக்கக் கூடாது. கூட்டம் அதிகமான லேபில் ஊசியை எடுத்ததும் குழாயை ஸ்டாண்டில் சொருகிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. அப்போ அடியில் கடுகளவு உறைகட்டி விழும். வெள்ளை அணு, தட்டணு இரண்டுமே பொய்யாக் குறையும். இதுக்கு நேர்மாறான கோளாறும் உண்டு. சிலருடைய தட்டணு, குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து பட்டதும் கொத்துக் கொத்தா ஒட்டிக்கும். மெஷின் அந்தக் கொத்தை வெள்ளை அணு என்று எண்ணும். டோட்டல் கவுண்ட் ஏறியும் தட்டணு இறங்கியும் ஒரே ரிப்போர்ட்டில் வந்தால் முதல் சந்தேகம் இதுதான். ஸ்மியர், அதாவது ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே தெரிஞ்சிடும். சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வந்த எண்ணை 1.1 ஆல் பெருக்கினால் சரியான அளவு கிடைக்கும்.

மெஷினா, கையால் எண்ணியதா என்று லேபில் கேளுங்க. கையால் என்றால் ரத்தத்தை டர்க் திரவத்தில் 20 மடங்கு கரைத்து, நியூபார் சேம்பர் என்ற கட்டம் போட்ட கண்ணாடியில் நாலு மூலைச் சதுரத்தை எண்ணி, 50 ஆல் பெருக்குவோம். 3,300 வரணும்னா கண்ணால் பார்த்தது வெறும் 66 அணு. 66 எண்ணும்போது தற்செயலா 16 கூடலாம், 16 குறையலாம். அதாவது அதே குழாயை இன்னொருத்தர் எண்ணினால் 2,500 வரலாம், 4,100ம் வரலாம். டிஃபரன்ஷியல் என்ற வகைவாரி எண்ணிக்கையும் அப்படித்தான். நூறு அணு பார்த்து 38 என்று எழுதினால் உண்மை 28க்கும் 48க்கும் நடுவில் எங்கேயோ இருக்கு. மெஷின் ஆயிரக்கணக்கில் எண்ணுறதால் இந்த ஆட்டம் அதில் குறைவு. போன மாசம் 3,900, இந்த மாசம் 4,300, சுவரொட்டி சூப்பு வேலை செஞ்சது என்று சொல்றவங்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்க.

சதவீதத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க. பெருக்கிப் பாருங்க. ஆணுக்கு நியூட்ரோபில் 11,600 × 0.68 = 7,888. பொண்ணுக்கு 3,300 × 0.38 = 1,254. லிம்போசைட் 54 என்று தடித்த எழுத்தில் போட்டிருப்பாங்க. 3,300 × 0.54 = 1,782 தான், சாதாரண அளவு. லிம்போ கூடலை. நியூட்ரோபில் குறைஞ்சதால் அதோட பங்கு பெருசாத் தெரியுது.

ஆணோட சாம்பிள் எடுத்த விதமே தப்பு. நியூட்ரோபில்ல கிட்டத்தட்டப் பாதி ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். ரெண்டு மாடி வேகமா ஏறினால் சில நிமிஷத்தில் சுவரை விட்டு ஓட்டத்துக்கு வந்துடும், கவுண்ட் ஏறும். கொழுப்பான டிபன் சாப்பிட்டால் ரெண்டு மூணு மணி நேரம் சின்ன ஏற்றம் இருக்கும். போற வழியில் ஒரு சிகரெட் வேற. அவருக்கு மறுபடி எடுக்கணும். அதே லேப், காலை வெறும் வயிறு, சிகரெட் இல்லாமல், உள்ளே போய்ப் பதினைஞ்சு நிமிஷம் உட்கார்ந்த பிறகு.

மஜ்ஜை44:

குழாய் சார் சொன்னபடி மறுபடி எடுத்தாலும் 9,500, 10,000 என்ற அளவிலேயே நிற்கும் என்று நினைக்கிறேன். காரணம் டிபனுக்கு அப்பால் இருக்கிறது: ஒன்று சிகரெட், இன்னொன்று இடுப்பு.

சிகரெட்டை முதலில் சொல்லிவிடலாம். நோய் எதுவும் இல்லாமல் வருஷக்கணக்கில் கவுண்ட் மேல் எல்லையில் நிற்பதற்கு ஆகச் சாதாரணமான காரணம் அதுதான். நுரையீரலில் ஓயாமல் இருக்கும் புண்ணுக்கு எலும்பு மஜ்ஜை ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. விட்டால் இறங்கும். சில வாரங்களில் இறங்கத் தொடங்கும், முழுதாக இறங்க மாதங்கள் ஆகும்.

இடுப்பு 108 என்பதுதான் இந்த ரிப்போர்ட்டில் எனக்குக் கண்ணில் பட்ட எண். நம் ஊர் ஆண்களுக்கு 90 தாண்டினாலே கணக்கில் எடுக்க வேண்டும். வயிற்றுக் கொழுப்பைச் சும்மா கிடக்கும் மூட்டை என்று நினைக்கக் கூடாது. கொழுப்பு அணு அளவுக்கு மேல் உப்பினால் அதைச் சுற்றி மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் அணுக்கள் கூடுகின்றன. அவை ஐ.எல்.-6, டி.என்.எஃப். போன்ற அழற்சிச் செய்திகளை ரத்தத்தில் விடுகின்றன. கொழுப்பு அணுவே லெப்டின் என்ற ஹார்மோனை விடுகிறது. மஜ்ஜைக்கு இவையெல்லாம் "இன்னும் செய், இன்னும் அனுப்பு" என்ற கட்டளை. அதே ஐ.எல்.-6 கல்லீரலுக்குப் போய் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தையும் ஏற்றுகிறது. அதனால்தான் பருமன், சர்க்கரைக்கு முந்தைய நிலை, உயர்ந்த ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) உள்ளவர்களிடம் வெள்ளை அணு சராசரிக்குச் சற்று மேலே இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகளும் காட்டுகின்றன. இதை எதிர்ப்பு சக்தி என்று பாராட்டுவது, வீட்டில் புகை கிளம்பியதால் தீயணைப்பு வண்டி வாசலில் நிற்பதைப் பெருமையாகச் சொல்வது போல.

எண்ணிக்கை வேறு, வேலைத்திறன் வேறு. நியூட்ரோபில் அணுவில் மைட்டோகாண்ட்ரியா மிகக் குறைவு. குளுக்கோஸை உடைத்துத்தான் அது பிழைப்பு நடத்துகிறது. அப்படியானால் சர்க்கரை அதிகம் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம்தானே என்றால், இல்லை. ரத்தச் சர்க்கரை 200, 250 என்று நின்றுவிட்டால் அது கிருமியை நோக்கி நகர்வதும், விழுங்குவதும், கொல்வதும் மந்தமாகின்றன. 9,000 கவுண்ட் வைத்துக்கொண்டே காலில் புண் ஆறாமல் கிடப்பவர்களை ஸ்டான்லி ஆஸ்பத்திரி அறுவைப் பிரிவு வராந்தாவில் எந்த நாளும் பார்க்கலாம்.

இவருக்கு மூன்று மாதச் சர்க்கரை 6.2 தான், அந்த நிலைக்கு வரவில்லை. எடையில் 5 முதல் 10 சதவீதம், அதாவது நாலரை கிலோவிலிருந்து ஒன்பது கிலோ குறைந்தால் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, சி.ஆர்.பி., கூடவே கவுண்ட்டும் இறங்க வாய்ப்பு அதிகம். எங்கே வெட்டுவது? டீக்கடையிலிருந்து ஆரம்பிக்கலாம். நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராம், 200 கிலோ கலோரி. 2,000 கிலோ கலோரி சாப்பிடும் ஆளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லையே அவ்வளவுதான். டீயிலேயே தீர்ந்துபோகிறது. அடுத்து ராத்திரி பர்மா கடை அத்தோ நூடுல்ஸும் முட்டை மசாலாவும். வாரத்துக்கு ஒரு நாள் என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. தினமும் என்றால் எண்ணெயும் மைதாவும்தான் சாப்பாடு. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் இருந்துகொண்டு நெத்தியும் சங்கராவும் குழம்பில் போடாமல் பொரித்தே தின்பது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈறு வீங்கி, துலக்கும்போது ரத்தம் வந்தால் அதுவும் ஓயாத அழற்சிதான், பல் டாக்டர் வேலை. மறுபடி எடுக்கும்போது சி.ஆர்.பி., வெறும் வயிற்றுக் கொழுப்புப் பரிசோதனை, கல்லீரல் என்சைம் இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கவுண்ட் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனாலோ, ஸ்மியரில் முதிராத அணு, பேசோஃபில் (இன்னொரு வகை வெள்ளை அணு) அதிகம் என்று எழுதியிருந்தாலோ, இடது விலாவுக்குக் கீழே கனமாக இருந்தாலோ அது சாப்பாட்டு விஷயமே இல்லை. அப்போது ரத்தநோய் மருத்துவர்.

பசிக்கணக்கு:

ஆணுக்கு ஆறு மாதம் அவகாசம் இருக்கிறது. பொண்ணுக்கு இல்லை. அதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும்.

158 செ.மீ.க்கு 39 கிலோ என்றால் உடல் நிறை குறியீடு 15.6. எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு 10,000 கோடி நியூட்ரோபில் செய்கிற பட்டறை. அவை ரத்தத்தில் ஓடுவது மணிக்கணக்கில்தான், அதனால் பட்டறை ஒரு நாள்கூட மூட முடியாது. உள்ளே வருகிற சோறு குறைந்தால் உடம்பு செலவைச் சுருக்கும். தைராய்டு ஹார்மோன் டி3 இறங்கும், லெப்டின் இறங்கும், நாடித்துடிப்பு இறங்கும், மாதவிலக்கு நிற்கும். மஜ்ஜையும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. நெடுநாள் பட்டினியில் மஜ்ஜையின் கொழுப்பு கரைந்து அந்த இடத்தில் கூழ் போன்ற பொருள் சேரும். அணு செய்கிற இடம் சுருங்கும். வெள்ளை அணு குறைவதற்கு இதுவே போதும். ஆனால் எம்.சி.வி. 101, அதாவது சிவப்பணு பெருத்திருப்பது, பட்டினியோடு இன்னொன்றும் இருக்கிறது என்று சொல்கிறது.

எல்லோரும் பி12 என்று தாவுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவரின் கல்லீரலில் 2 முதல் 5 மில்லிகிராம் பி12 சேமிப்பு இருக்கும். நாள் தேவை இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம்தான். ஒரு வருஷம் மீனை நிறுத்தியதால் மட்டும் அது தீராது, வருஷங்கள் ஆகும். முன்பே சேமிப்பு குறைவாக இருந்தால்தான் இவ்வளவு சீக்கிரம் காலியாகும். நம் நாட்டில் அது அரிதும் இல்லை. கீரை, பருப்பில் கிடைக்கும் இன்னொரு பி வைட்டமினான ஃபோலேட் அப்படி இல்லை, மூன்று நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். சாப்பாடே ஒரு வேளை, அதில் கீரையும் பருப்பும் இல்லை என்றால் அதையும் சந்தேகப்பட வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் அணு பிரிவதற்கு வேண்டிய டி.என்.ஏ. தயாராகாது. அணு பெருத்து நிற்கும், பிரியாது. ஸ்மியரில் நியூட்ரோபில் கருவில் ஐந்தாறு மடல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் இந்தப் பக்கம்தான்.

பி12 பார்க்காமல் கடையில் ஃபோலிக் ஆசிட் (ஃபோலேட் மாத்திரை) மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஹீமோகுளோபின் ஏறிவிடும், எல்லாம் சரி என்று தோன்றும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். ரத்தம் எடுத்த பிறகுதான் ஊசியோ மாத்திரையோ. ஒரு ஊசி போட்டுவிட்டு பி12 பார்த்தால் ரிப்போர்ட் பொய் சொல்லும். உண்மையிலேயே பி12 குறைவு என்றால், ஊசி தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் நியூட்ரோபில் எழுந்துவிடும்.

எனக்கு மேலே இருந்த கேள்வியில் உறுத்துவது அந்த ஜிங்க் மாத்திரை. என்ன அளவு, ஸ்ட்ரிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே போடுங்கள்.

சுவரொட்டியைப் பற்றி: மண்ணீரல் நல்ல சாப்பாடுதான். இரும்பு, பி12, புரதம் மூன்றும் அதில் இருக்கின்றன. குறை இருந்தால் நிரப்பும், குறை இல்லாதவருக்குக் கவுண்ட்டை ஒரு புள்ளிகூட ஏற்றாது. பப்பாளி இலை இங்கே எதற்கு? டெங்குவில் தட்டணுவுக்கு என்று பேசப்படுவதை வெள்ளை அணு குறைந்த எல்லோருக்கும் ஊற்றிவிடுகிறார்கள். டெங்குவில் வெள்ளை அணு குறைவது வைரஸ் மஜ்ஜையை அமுக்குவதால். காய்ச்சல் விட்டபின் தட்டணுவுக்கு முன்பே அது தானாக ஏறும். அந்தச் சமயம் பார்த்துச் சாறு குடித்தவர் சாறுதான் ஏற்றியது என்பார். வெறும் வயிற்றில் கசப்புச் சாறு குடித்து வாந்தி எடுத்தால் இந்தப் பொண்ணுக்கு நஷ்டம்தான்.

எண்ணூர்_அனல்:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கணும். டோட்டல் கவுண்ட் 8,200, ஈசினோபில் 14. மீன், கருவாடு, கத்தரிக்காய் எல்லாம் நிறுத்தச் சொல்றாங்க. நிறுத்தினால் இறங்குமா?

குழாய்_ஊதா:

8,200 × 0.14 = 1,148. 500 தாண்டினால் அதிகம், ஆக இது நிஜமாவே அதிகம்தான். உணவு அலர்ஜி தெளிவா இருந்தால் ஒழிய, கருவாட்டை நிறுத்தி இது இறங்குறதில்லை. முதலில் பூச்சி. மலப் பரிசோதனை ஒரு நாள் இல்லாமல் வேறு வேறு மூணு நாள். ஒரே நாளில் தப்பிப்போறது சகஜம். ராத்திரி இருமல், வீசிங் இருந்தால் ஃபைலேரியா (யானைக்கால் புழு) சம்பந்தப்பட்ட ஈசினோபில் ஏற்றத்தையும் டாக்டரிடம் கேளுங்க. எந்த மருந்து சாப்பிடுறார் என்ற பட்டியலும் கையில் இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் ஈசினோபில் மறுநாளே மறைஞ்சிடும், குணமாயிடுச்சு என்று தோணும். உள்ளே ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு இருந்தால் ஸ்டீராய்டு அதை உடம்பு முழுக்கப் பரப்பிடும், உயிருக்கே ஆபத்து. பூச்சி இருக்கா என்று பார்த்துட்டுத்தான் ஸ்டீராய்டு. காலையில் குறைவாவும் ராத்திரி அதிகமாவும் இருக்கிற அணு இது, அதனால் எப்பவும் ஒரே நேரத்தில் எடுங்க.

மணிக்கூண்டு_வாசி:

எல்லோருக்கும் நன்றி. லேபில் கேட்டேன், மெஷின்தானாம். ஜிங்க் ஸ்ட்ரிப்பில் "ஜிங்க் சல்ஃபேட் 220 மி.கி." என்று இருக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒன்று. கால் விரல் மரத்த மாதிரி இருக்கு என்று அவள் சொல்கிறாள், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா? இன்றைக்கே நிறையச் சாப்பிட வைக்கலாமா?

பசிக்கணக்கு:

சம்பந்தம் உண்டு. இன்றே அந்த மாத்திரையை நிறுத்துங்கள்.

220 மி.கி. ஜிங்க் சல்ஃபேட்டில் நிகர ஜிங்க் 50 மி.கி. பெரியவர்களுக்கு நெடுநாள் மேல் எல்லை நாளைக்கு 40 மி.கி. என்று வைத்திருக்கிறார்கள். ஜிங்க் அதிகமாகப் போனால் குடல் சுவரின் அணுக்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தை அதிகம் செய்யும். அந்தப் புரதம் ஜிங்கைவிடத் தாமிரத்தைத்தான் இறுக்கிப் பிடிக்கும். சாப்பாட்டில் வந்த தாமிரம் குடல் அணுவுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, சில நாளில் அந்த அணு உதிரும்போது மலத்தோடு போய்விடும். சாப்பாடும் குறைவு, வருகிற கொஞ்சத் தாமிரத்தையும் மாத்திரை வழிமறிக்கிறது. தாமிரம் இல்லாவிட்டால் முதலில் தெரிவது இரண்டு: ரத்தசோகை, நியூட்ரோபில் குறைவு. அடுத்தது நரம்பு: கால் மரத்தல், இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம். அச்சு அசல் பி12 குறைவு மாதிரியே இருக்கும். அதனால்தான் பி12 ஊசி மட்டும் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து ஏமாறுகிறார்கள்.

ஆகவே பி12, ஃபோலேட், சீரம் தாமிரம், செருலோபிளாஸ்மின் (ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதம்), ஜிங்க், தைராய்டு பாருங்கள். கூடவே பொட்டாசியம், பாஸ்பரஸ், மக்னீசியம், ஈ.சி.ஜி. தாமிரம், ஜிங்குக்குச் சாதாரணக் குழாய் உதவாது, தனிக் குழாய் கேளுங்கள். செருலோபிளாஸ்மின் காய்ச்சல், அழற்சியின்போதும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் ஏறும். அப்போது குறைவு மறைந்துவிடும், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தாமிரம்தான் காரணம் என்று உறுதியானால் டாக்டர் தாமிரம் கொடுப்பார். ரத்த எண்ணிக்கை சில வாரங்களில் திரும்பிவிடும். நரம்பு மெதுவாகத்தான் வரும், முழுதாக வராமலும் போகலாம். தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான். சாப்பாட்டில் தாமிரம் அதிகம் உள்ளவை எள், முந்திரி, ஈரல், நண்டு, கடம்பா (கணவாய்). அசைவம் வேண்டாம் என்றால் எள்ளுருண்டை, எள்ளுப்பொடி, பருப்பு, சுண்டல்.

இன்றைக்கே நிறையச் சாப்பிட வைப்பது மட்டும் கூடவே கூடாது. உடல் நிறை குறியீடு 16க்குக் கீழே இருக்கும் உடம்பில் திடீரென்று சோறும் சர்க்கரையும் இறங்கினால் இன்சுலின் எழும். ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியத்தை அணுக்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் சரிந்தால் இதயமும் மூச்சுத் தசையும் தடுமாறும், இருக்கிற கொஞ்ச வெள்ளை அணுவும் சக்தியில்லாமல் வேலை செய்யாது. ஆஸ்பத்திரியில் முதலில் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, உடல் எடையில் கிலோவுக்கு நாளைக்கு 10 கிலோ கலோரி போன்ற சின்ன அளவில் தொடங்கி, தினமும் பாஸ்பரஸ் பார்த்துப் படிப்படியாக ஏற்றுவார்கள். எந்த அளவில் தொடங்குவது என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்டான்லியில் பொது மருத்துவப் புறநோயாளிப் பிரிவுக்கு இந்த இரண்டு ரிப்போர்ட், மாத்திரை ஸ்ட்ரிப், எடை குறைந்த தேதிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். நாடி 50க்குக் கீழே இருந்தாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ புறநோயாளி வரிசை வேண்டாம், நேராக அவசரப் பிரிவு. ஏன் சாப்பாட்டை நிறுத்தினாள் என்பதை அவளிடம் அதட்டாமல் பேசக்கூடிய மனநல மருத்துவரும் வேண்டும். அந்தப் பேச்சு இல்லாமல் எள்ளுருண்டை மட்டும் வேலை செய்யாது.

1,254 நியூட்ரோபில் என்பது அலறும் அளவு இல்லை. 500க்குக் கீழே போய் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால்தான் அந்த மணி நேரமே ஓட வேண்டிய நிலை. ஆனால் பட்டினி உடம்பில் தொற்று வந்தாலும் காய்ச்சல் சரியாக ஏறாது. தெர்மாமீட்டர் 98 காட்டுகிறது என்று சும்மா இருக்காதீர்கள். தொண்டை வலி, வாய்ப்புண், திடீர்ச் சோர்வு எது வந்தாலும் காட்டுங்கள்.

மஜ்ஜை44:

பசிக்கணக்கு சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். வீட்டில் வேறு யாராவது அதே ஜிங்க் மாத்திரையைச் சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள். பொய்ப்பல் பசையிலும் சிலவற்றில் ஜிங்க் உண்டு, வீட்டுப் பெரியவர்கள் தாராளமாக அப்பிக்கொள்வார்கள். மாத்திரை நிறுத்திய தேதியை ஸ்ட்ரிப்பின் பின்னாலேயே எழுதி வையுங்கள், டாக்டர் கட்டாயம் கேட்பார்.